சவ்வரிசித் தண்ணீரும் ஒரு சவ்வுக் குழாயும்

1

இந்த மாதத்தோடு நான் இந்த மாவு ஆலையில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. அதற்காக ஒரு பூந்தொட்டி கொடுத்தார்கள். கொடுத்தவர் என் கையைக் குலுக்கி, என் பெயரில் பாதியை விழுங்கிவிட்டு, நன்றி என்றார். நானும் நன்றி என்றேன். விழா முடிந்தது.

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் எல்லோரும் "அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். பென்னாகரத்தில் இருக்கும் என் மாமனார், மருமகன் இன்ஜினீயர் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவருடைய தம்பி, சாக்கடை அள்ளுகிறான் என்று சொல்லி வருகிறாராம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ என் வேலை இருக்கிறது. தம்பிக்காரர் சொல்வதுதான் கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது.

நான் மேற்கு ஜெர்மனிக்கு வந்தது ஸ்டெல்லாவின் கணவனாக. கன்னியாஸ்திரிகள் அவளை நர்ஸ் வேலைக்கு இங்கே அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் பின்னாலேயே வந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'தங்குவதன் நோக்கம்' என்று ஒரு கட்டம். என்ன எழுதுவது என்று கேட்டேன். அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் ஸ்டெல்லாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவரே எழுதினார்: 'மனைவி.' அடுத்த கட்டத்தில், நாலு வருடத்துக்கு வேலை செய்யக் கூடாது என்று ஒரு முத்திரை குத்தினார்.

வேதியியலில் பட்டம் வாங்கி, மொரப்பூர் பக்கம் ஒரு சவ்வரிசி மில்லில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான். நாலு வருடம் சமைத்தேன், துணி துவைத்தேன், எங்கள் மகள் ரீட்டாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளினேன். ரீட்டா என்னிடமிருந்து தமிழும், தெருவிலிருந்து ஜெர்மனும் கற்றாள். பள்ளிக்கூடம் போன பிறகு தமிழைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

2

நாலு வருடம் முடிந்ததும் இந்த ஆலையில் இடம் கிடைத்தது. உருளைக்கிழங்கிலிருந்து மாவு எடுக்கிற ஆலை. கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் சோதனை நிலையம் ஒன்றைப் பின்பக்கம் ஒரு கொட்டகையில் கட்டியிருந்தார்கள். முதல் நாள் கதவைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை வந்து முகத்தில் அடித்தது. கூட வந்தவர் கைக்குட்டையை எடுத்தார். எனக்கு மொரப்பூர் மில்லின் பின்வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. மற்றவர்களுக்குப் பாட்டைக் கேட்டால் ஊர் ஞாபகம் வருமாம். எனக்கு அழுகிய மாவுத் தண்ணீரில் வந்தது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன். காற்றே புகாமல் மூடிய ஒரு பெரிய தொட்டி. அதற்குள் கறுப்புச் சேறு. அந்தச் சேறு முழுக்கக் கிருமிகள். அவை தண்ணீரில் இருக்கும் மாவைத் தின்று எரிவாயுவாக மாற்றும். சாண எரிவாயுக் கலத்தில் நடக்கிற அதே காரியம்தான். பிறகு தண்ணீர் வெளியே போக வேண்டும், கிருமிகள் உள்ளேயே இருக்க வேண்டும். அதற்காகச் சவ்வு பூசிய குழாய்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் மட்டும் கசிந்து வரும். சேறு குழாய்க்குள்ளேயே ஓடித் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. உண்மையில் இரண்டே நாளில் சவ்வின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் ஒட்டிக்கொள்ளும். கஞ்சி ஆறினால் மேலே ஏடு கட்டுமே, அது மாதிரி. தண்ணீர் கசிவது குறையும். அப்புறம் நிற்கும். நான் தொட்டியிலிருந்து குழாய்களைப் பிரித்து, காரம் விட்டுக் கழுவி, அமிலம் விட்டுக் கழுவி, மறுபடி மாட்டுவேன். மறுபடி ஏடு கட்டும். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

3

நிலையத்தின் தலைவர் டாக்டர் வேபர். நல்ல மனிதர், கோபம் வந்தால் பென்சிலைச் சீவுவார். படலம் ஒட்டாமல் இருக்க ஒரே வழி, சேற்றை வேகமாக ஓட விடுவதுதான், வேகமே சவ்வைத் தேய்த்துச் சுத்தமாக்கிவிடும் என்றார். பெரிய பம்ப் வந்தது. ஒரு வாரம் பிரமாதமாக இருந்தது. பிறகு முன்னைவிட மோசமாக அடைத்தது. இன்னும் பெரிய பம்ப் வந்தது.

தினமும் காலையில் மீட்டர்களைக் குறிப்பது என் வேலை. தண்ணீர் மீட்டரை எல்லோரும் பார்த்தார்கள். எரிவாயு மீட்டரை நான் மட்டும் பார்த்தேன். பெரிய பம்ப் வந்த நாளிலிருந்து வாயு குறைந்துகொண்டே வந்தது. சேற்றை விரலில் எடுத்துப் பார்த்தேன். முன்பு குறுநொய் மாதிரி திரிதிரியாக இருந்தது, இப்போது மை மாதிரி வழுக்கியது. பம்ப் அடிக்கிற அடியில் கிருமிக் கூட்டம் உடைகிறது, உடைந்த தூள்தான் சவ்வை அடைக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தேன். என் ஜெர்மனை நானே தைத்துப் போட்டுக்கொண்டதால் அங்கங்கே தையல் பிரியும். பலவீனம் என்பதற்கு இங்கே 'ஷ்வாஹ்' என்பார்கள். நான் எழுந்து நின்று, நிதானமாக, எல்லோர் முகத்தையும் பார்த்து, "பெரிய பம்ப் வந்ததிலிருந்து நம் கிருமிகள் எல்லாம் ஷ்வாங்கர் ஆகிவிட்டன" என்றேன்.

ஷ்வாங்கர் என்றால் கர்ப்பம்.

டாக்டர் வேபர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மத்தியானத்துக்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. கேன்டீனில் ஒருவர் எத்தனை மாதம் என்று விசாரித்தார். கிருமிகளுக்கு யாரோ ஒரு குழந்தைச் சொக்காய் கொண்டுவந்து தொட்டியில் மாட்டினார்கள். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் மறுபடி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம். அந்த மாதம்தான் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது: என் வேலை அனுமதி இந்தச் சோதனை நடக்கும்வரைதான். சோதனை நின்றால் நான் மறுபடி வெறும் மனைவியின் கணவன். ஸ்டெல்லா கடிதத்தைப் படித்துவிட்டு, "சொல்றத எழுதிக் குடுங்க. எழுத்துல யாரும் சிரிக்க மாட்டாங்க" என்றாள். எழுதுகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஆறு வாரம் விடுப்பு எடுத்து, ரீட்டாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டேன். பயந்தவன் செய்கிற வேலை.

4

ஊருக்குப் போகும்போது, கழித்துப் போட்ட சவ்வுக் குழாய் ஒன்றை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். கை நீளம் இருக்கும். காய்ந்தால் கெட்டுவிடும் என்பதால் ஈரம். ஏன் கொண்டுவந்தேன் என்று அப்போது தெளிவாகத் தெரியாது. என் வேலையைக் காட்ட வேறு எதுவும் கையில் இல்லை என்பது ஒரு காரணம். மெட்ராஸ் சுங்க அதிகாரி அதை முன்னும் பின்னும் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"அழுக்குத் தண்ணிய வடிகட்டற குழாய்ங்க."

"துணி ஏன் ஈரமா இருக்கு?"

"காயக் கூடாதுங்க."

அவர் அதை மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று கீழே வைத்தார். கள்ளக்கடத்தல் பொருள் எதுவும் இவ்வளவு நாறாது என்று முடிவு செய்தாரோ என்னவோ, போகச் சொல்லிவிட்டார்.

மொரப்பூரில் ரயில் இறங்கி, பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் என் அக்கா செசிலியின் வீடு. மாமா ஓசூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன்; வாரம் ஒருமுறை வருவார். மரவள்ளிக்கிழங்குக் காடு, இரண்டு எருமை, ஒரு கிணறு எல்லாம் அக்கா பொறுப்பு. காட்டை ஒட்டித்தான் நான் முன்பு வேலை பார்த்த சவ்வரிசி மில். அக்காவின் கிழங்கு அந்த மில்லுக்குத்தான் போகும். கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீர் வாய்க்காலில் வரும். வாய்க்கால் அக்காவின் கிணற்றைத் தாண்டிப் போகும்.

வந்த அன்றைக்கே ரீட்டா கிணற்றங்கரைக்கு ஓடினாள். எட்டிப் பார்த்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனில், "அப்பா மாதிரியே நாறுது" என்றாள்.

"என்னடா சொல்லுது புள்ள?" என்றாள் அக்கா.

"கெணறு ரொம்ப ஆழமா இருக்குதாம்."

அக்கா ஒரு வாளித் தண்ணீர் இறைத்து என் முன்னால் வைத்தாள். டீ நிறம். மேலே மெல்லிசாக ஏடு.

"ரெண்டு வருசமாச்சு. குடிக்கிற தண்ணி அந்தோணியார் கோயில் போருல இருந்து சொமக்கறேன். எருமை கூட மோந்து பாத்துட்டுப் போவுது. அங்க ஊராமூட்டுத் தண்ணியக் கழுவறியே, இதக் கழுவ மாட்டியா நீ?"

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அது பெரிய ஏற்பாடு, தொட்டி வேண்டும், பம்ப் வேண்டும் என்றேன். அக்கா கேட்டுக்கொண்டே வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

5

மில் முதலாளி சின்னராசு என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பழைய முதலாளி முன்னால் உட்காருவதற்கு எனக்குக் கொஞ்சம் பழக்கம் தேவைப்பட்டது.

"ஜெர்மன் மெசின்னா வெச்சுப் பாத்துரலாங்க தம்பி. நம்ம ஆளு வேற. எனக்கு மட்டும் ஆசையா, கெணறு கெடணும்னு?"

அவர் ஒரு பழைய இரும்பு டிரம்மும், வாய்க்கால் ஓரத்தில் மின்சார இணைப்பும், அரைக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றும் கொடுத்தார். கிருமிக்கு வெளியே போக வேண்டியதில்லை. வாய்க்கால் அடியில் இருந்த கறுப்புச் சேறே போதும். டிரம்மில் சேற்றைப் போட்டு, புளிப்பு முறியச் சுண்ணாம்பு கலந்து, தினம் கொஞ்சம் மில் தண்ணீர் ஊற்றினேன். இரண்டு வாரத்தில் டிரம்மின் மேல் செருகிய ரப்பர் குழாயில் குமிழி வந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்த கூட்டம், முதலாளி, கிழங்குக்காரர்கள் எல்லோர் முன்னாலும் சவ்வுக் குழாயை மாட்டி மோட்டாரைப் போட்டேன்.

முதல் டம்ளர் கண்ணாடி மாதிரி வந்தது. கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். இரண்டாவது டம்ளர் மெதுவாக வந்தது. மூன்றாவது பாதியில் நின்றது. அரை மணி நேரத்தில் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒருவர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார்.

முதலாளி எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். "ஜெர்மன் கொழாயே அடச்சிக்கிச்சி. நம்ம ஊரு ஆளு நானு என்னங்க பண்றது?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அதுவரை அவரிடம் பதில் இல்லை. நான்தான் ஒரு பதிலைத் தயாரித்து, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, பொதுமக்கள் முன்னிலையில் அவரிடம் கொடுத்தேன்.

அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும், "சோறு போட்டு வெச்சிருக்கறேன்" என்றாள்.

6

விடுப்பு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊரில் தலைகாட்ட முடியவில்லை. அதனால் டிரம் பக்கத்திலேயே இருந்தேன். தோலும் நாரும் வராமல் மில் தண்ணீரை அக்காவின் பழைய சேலையில் வடிகட்டி ஊற்றினேன். மோட்டாரின் வேகத்தை வால்வைத் திருகிக் குறைத்தேன். கொஞ்சம் தேவலாம். ஆனாலும் மத்தியானத்துக்குள் அடைக்கும்.

அக்கா சாப்பாடு கொண்டுவருவாள். என் கைக்கடிகாரம் சேற்றில் விழுந்து நின்றுவிட்டதால், ஒரு டம்ளர் நிரம்ப எவ்வளவு நேரம் என்று பார்க்க அவளை எண்ணச் சொன்னேன். அவளுக்கு எண்களைவிட ஜெபமாலை எளிது. 'அருள் நிறைந்த மரியே' சொல்லிச் சொல்லி எண்ணினாள். நான் நோட்டில் குறித்தேன்.

ஊரில் கரன்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் மோட்டார் நின்றது. கொஞ்ச நேரத்தில் தானே ஓடியது. அக்கா டம்ளரை வைத்துவிட்டு எண்ணினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடா, பதினாலு மரியேக்கு வந்தது ஒம்பதுக்கே ரொம்பிருச்சி?"

"சரியா எண்ணுனியா?"

"தேவமாதா பேர்ல பொய்க் கணக்கு சொல்லுவனா நானு?"

அன்று கரன்ட் நாலு தடவை போனது. நாலு தடவையும் அதேதான். மோட்டார் நிற்கிறபோது அழுத்தம் விட்டுப் போகிறது. சவ்வின் மேல் அப்பியிருந்த படலம் தளர்கிறது. மறுபடி ஓடும்போது சேறு அதை வாரிக்கொண்டு போய்விடுகிறது. டாக்டர் வேபர் நாலு மாதமாகப் பம்பைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அதை அடிக்கடி நிறுத்த வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் ஜெர்மனியில் கரன்ட் போவதே இல்லை.

அடுத்த நாளிலிருந்து கரன்ட் இருக்கும்போதும் நானே மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். ஜெர்மனிக்குக் கிளம்பும் வரை அந்தக் குழாயைக் கழுவ வேண்டிய வேலையே வரவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "அடைக்கலைங்களா? சந்தோசம்" என்றார். நான் அவரிடம் உண்மையையும் சொன்னேன்: இந்த மில் தண்ணீருக்கு இந்தச் சவ்வே தேவையில்லை. இடம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. தோலும் நாரும் தங்க ஒரு குழி. அடுத்து ஆழமாக, மூடி போட்டு ஒரு குழி. தண்ணீர் அவசரப்படாமல் நின்று போனால் போதும், கிருமிகள் பார்த்துக்கொள்ளும். அவர் ஏமாற்றமாகப் பார்த்தார். "குழி தோண்டவா தம்பி ஜெர்மனி போனீங்க?" என்றார்.

7

திரும்பி வந்து, ஸ்டெல்லா சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். டாக்டர் வேபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் பரிசோதனை எங்கே நடந்தது?"

"மொரப்பூர் பக்கம்."

"எந்த ஆய்வகம்?"

"வாய்க்கால் ஓரம்."

"பம்பை நிறுத்தும் நேரங்களை வகுத்தது யார்?"

"யாரும் இல்லை. அதுவாக நின்றது."

அவர் நோட்டைப் புரட்டி, நான் தமிழில் 'அ.நி.ம.' என்று குறித்திருந்த இடத்தில் விரலை வைத்தார். "இது என்ன அளவு?"

சொன்னேன். அவர் கத்தோலிக்கர் இல்லை. அதனால் அவருடைய கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்து, நான் ஒரு முறை முழுசாகச் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. அக்கா இன்னும் வேகமாகச் சொல்லுவாள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு எரிவாயு மீட்டர் குறிப்புகளைக் கேட்டார். பெரிய பம்ப் வந்த நாளையும் வாயு விழ ஆரம்பித்த நாளையும் விரல் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பென்சிலை எடுத்தார், சீவவில்லை. "ஷ்வாஹ்" என்றார் மெதுவாக. "நீங்கள் அன்று சொல்ல வந்தது ஷ்வாஹ்."

"ஆமாம்."

"நான் சிரித்தேன்."

"எல்லோரும்தான் சிரித்தார்கள்."

சிறிய பம்ப் மறுபடி வந்தது. மணிக்கு ஒரு தடவை கொஞ்ச நேரம் நிறுத்தினோம். சவ்வு வழியாக வருகிற தண்ணீர் அவர் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை; ஆனால் வந்த அளவு குறையாமல் வந்தது. சேறு மறுபடி திரிதிரியாகத் திரண்டது. வாயு ஏறியது. வாரா வாரம் கழுவிய குழாய்களை இப்போது எப்போதாவதுதான் கழுவுகிறேன். சோதனையை நீட்டித்தார்கள். என் அனுமதியையும் நீட்டித்தார்கள். அறிக்கையில் கடைசிப் பக்கத்தில், 'ஒரு பணியாளரின் கவனிப்புக்கு' நன்றி சொல்லியிருக்கிறது. ஸ்டெல்லா அந்தப் பக்கத்தை மடித்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினாள். அவருக்கு ஜெர்மன் தெரியாது. இன்ஜினீயர் என்று போட்டிருக்கிறது என்று எல்லோரிடமும் காட்டுகிறாராம்.

எனக்கு அந்த நாட்களில் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். காலையில் மீட்டர் நன்றாக ஓடுவதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அக்கா போரிலிருந்து குடம் சுமப்பாள் என்று தோன்றும். அவள் எண்ணிக் கொடுத்த கணக்கில் இங்கே ஓர் ஆலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

8

அக்கா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கமா, புள்ளி இல்லாமல் எழுதுவாள். மறு வருடம் கிழங்கு பிடுங்குகிற பருவத்தில் ஒரு கடிதம் வந்தது. மில்லுக்கு இந்தத் தடவை கிழங்கு போடவில்லை என்று எழுதியிருந்தாள். அவள் மட்டும் இல்லை, வாய்க்கால் ஓரத்துக் காட்டுக்காரர்கள் பதினோரு பேரும் போடவில்லை. பெரும்பாலும் பெண்கள்; ஆண்கள் எல்லாம் ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போயிருந்தார்கள்.

'மொதலாளி வூட்டுக்கே வந்து கேட்டாரு ஏம்மா கெழங்கு பிடுங்கலன்னு நான் சொன்னன் கெழங்கு மண்ணுக்குள்ள இருந்தா கெடாதுங்க உங்க மெசினு சும்மா இருந்தாத்தான் துருப்புடிக்கும் தம்பி சொன்ன ரெண்டு குழிய வெட்டுங்க நாங்க பிடுங்கறம்னு.'

நான் அந்தக் கடிதத்தைக் கொட்டகையில் நின்று படித்தேன். பயமாக இருந்தது. கிழங்கு போகாவிட்டால் அக்காவுக்கும் வேறு வருமானம் இல்லை. அப்படிச் செய்யாதே என்று எழுத உட்கார்ந்து, ஒரு வரி எழுதி, கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாகக் குழிகளின் படம் வரைந்து, ஆழம், அகலம், மூடி எல்லாம் தமிழில் எழுதி அனுப்பினேன். ஐந்து வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அந்தப் படம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

முதலாளி ஐந்து வாரம் தாக்குப்பிடித்தார். பிறகு குழி வெட்டினார். வெட்டும்போது அக்கா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றாளாம். ஆழம் குறைந்த இடத்தில் மறுபடி வெட்ட வைத்தாளாம்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போனது. இந்த மழையும் போனது. போன மாதம் வந்த கடிதத்தில், கிணற்றில் வாடை போய்விட்டது, நிறம்தான் இன்னும் லேசாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். ஒரு வாளி இறைத்து எருமைக்கு வைத்தாளாம். குடித்ததாம். மூன்று நாள் எருமையைப் பார்த்தாளாம். ஒன்றும் ஆகவில்லை. 'அதனால நானும் குடிச்சன்' என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் குடிக்கக் கூடாது. அன்றைக்கே தபால் நிலையத்துக்கு ஓடி, குடிக்காதே, தண்ணீரைப் புட்டியில் பிடித்துத் தருமபுரிக்குச் சோதனைக்கு அனுப்பு என்று தந்தி கொடுத்தேன். தமிழை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்ததை, கவுன்டரில் இருந்த பெண் எழுத்துக் கூட்டி மூன்று முறை சரிபார்த்தாள்.

அக்காவின் பதில் நேற்று வந்தது. அவள் கடிதம் இங்கே வரப் பத்து நாள் ஆகியிருந்தது; என் தந்தி அங்கே போய்ச் சேரவும் பத்து நாள் ஆனதாம். அதைப் பள்ளிக்கூட வாத்தியார்தான் படித்துச் சொன்னாராம். புட்டியில் பிடித்து, மாமாவிடம் கொடுத்துத் தருமபுரிக்கு அனுப்பியிருக்கிறாளாம். முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றார்களாம்.

கடைசியில் எழுதியிருந்தாள்: 'குடிக்காதன்னு தந்தி குடுத்துட்ட சரி அதுக்குள்ள இருவது நாளு குடிச்சிட்டனே அத என்ன பண்றதுன்னு நீ எழுதலயே.'